சுந்தரவள்ளியின் பூட்டு

மயில்சாமிக்குக் குரு வாய்த்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தொன்று.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் ஸ்டோரில் நூல் மூட்டைகளுக்கு நடுவே மயில்சாமி ஒரு ஆயுள் காலம் நின்றிருந்தார். முட்டி தேய்ந்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை போட்டார். சண்டையில் ஜெயித்தார். ஏ.சி. போட்ட சர்வர் ரூமில் ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியில் என்ன வேலை என்று மட்டும் தெரியவில்லை.

சொல்லிக் கொடுக்க நஸ்ரின் வந்தார். பல கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர். வாரத்தில் இரண்டு நாள் ஸ்கூட்டரில் இங்கே வருவார். மற்ற நாட்களுக்கு அவருக்கு உள்ளூரில் ஒரு கை வேண்டியிருந்தது.

"என்ற மகளவிட சின்னவங்களா இருக்கீங்க. சொல்லுங் டீச்சர், பாடத்த ஆரம்பிக்கலாம்" என்று முதல் நாள் மயில்சாமி இடக்காகச் சொன்னார்.

"உக்காருங்ண்ணா" என்றார் நஸ்ரின்.

ஒரு மாதத்தில் இடக்கு போய்விட்டது. டீச்சர் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கம்பெனியின் டிசைன், பேட்டர்ன், ஆர்டர் கொடுக்கிற பையர் அனுப்பிய படம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டிதான் சர்வர். அவரவர் கம்ப்யூட்டரில் இருந்தபடியே அதைத் திறக்கலாம். திறப்பதற்கு ஒரு பேர் வேண்டும், அந்தப் பேருக்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும். தப்பான பாஸ்வேர்டு ஐந்து தடவை வந்தால் பெட்டி அந்தப் பேரையே பூட்டிவிடும். பிறகு சரியான பாஸ்வேர்டைச் சொன்னாலும் கேட்காது. மயில்சாமி வந்துதான் பூட்டை எடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் மயில்சாமிக்கு மிகவும் பிடித்திருந்தது.

தீபாவளி கழிந்ததும் எல்லோரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்றார் நஸ்ரின். மயில்சாமி செக்ஷன் செக்ஷனாகப் போய்ச் சத்தம் போட்டார். "மாத்தாதவன் பேர அழிச்சுப்போடுவேன்" என்றார். எல்லோரும் மாற்றினார்கள்.

அதற்குப் பிறகுதான் சுந்தரவள்ளி பூட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

சுந்தரவள்ளி டிசைன் செக்ஷனின் தலைவி. தினமும் காலையில் வந்து உட்காருவார். பெட்டி திறக்காது. மயில்சாமி பூட்டை எடுத்துவிடுவார். கொஞ்ச நேரம் ஓடும். மறுபடி பூட்டிக்கொள்ளும்.

"மயிலண்ணா, நான் ஒரு எழுத்துக்கூடத் தப்பா போடலீங்க. இன்னைக்கி பையருக்கு டிசைன் போகணும். என்ன எழவுங்க இது?"

மயில்சாமி சர்வரைத் திறந்து பார்த்தார். யார் எப்போது எந்தக் கம்ப்யூட்டரில் இருந்து தப்பான பாஸ்வேர்டு கொடுத்தார்கள் என்று அது எழுதி வைத்திருக்கும். சுந்தரவள்ளியின் பேரை யாரோ வரிசையாகத் தட்டியிருந்தார்கள். சுந்தரவள்ளியின் கம்ப்யூட்டரில் இருந்து இல்லை. கீழ்த்தளத்தில், மாதிரிச் சட்டை தைக்கிற சேம்பிள் ரூமில் இருந்து.

மயில்சாமிக்குக் காது சூடானது. கோபம் வந்தால் அவருக்கு முதலில் காதுதான் சூடாகும். யோசனை கடைசியில் வரும்.

நேராக முதலாளி அறைக்குப் போனார்.

நஸ்ரின் வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மயில்சாமி வாசலுக்கே வந்துவிட்டார்.

"திருடியப் புடிச்சுட்டேன் டீச்சர்."

"யாருங்ண்ணா?"

"சேம்பிள் ரூம் அற்புதம். சுந்தரவள்ளி பாஸ்வேர்ட அவ கண்டுபிடிக்கப் பாக்கறா. தெனமும் போட்டுப் போட்டுப் பாக்கறா."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? சர்வரே சொல்லுது."

"அற்புதம்னு சொல்லுதா?"

"சேம்பிள் ரூம் கம்ப்யூட்டர்னு சொல்லுது. அது முன்னால உக்காந்திருக்கறது யாரு? என்ற மாமியாளா?"

நஸ்ரின் சிரிக்கவில்லை. "அவங்க எதுக்குப் பண்ணணும்?"

மயில்சாமி அதற்கும் தயாராக வந்திருந்தார். அற்புதமும் சுந்தரவள்ளியும் ஒரு காலத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஆடி மாதம் அற்புதம் தைத்த ஒரு குழந்தை ஃபிராக்கின் சேம்பிள் வேறு ஒரு ரோஸ் நிறத்தில் போய்விட்டது. பையரின் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே, கண்ணு தெரியாதவங்கள வேலைக்கு வெச்சா இப்படித்தான் என்று சுந்தரவள்ளி சொல்லிவிட்டார். அற்புதம் அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தார். அதோடு பேச்சு நின்றது.

"டிசைன எடுத்து வெளிய வித்துப்போட்டா சுந்தரவள்ளி தலைதான உருளும்? அதான் பிளானு. முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். மத்தியானம் கணக்க முடிச்சு அனுப்பறேன்னுட்டாரு."

"அற்புதமக்காகிட்டக் கேட்டாங்களா?"

"திருடிகிட்டப் போயி, ஏம்மா நீ திருடியான்னு கேக்கறதா?"

நஸ்ரின் மணியைப் பார்த்தார். டீ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, சுந்தரவள்ளியக்கா பூட்ட எடுத்து விட்ருங்க. சர்வர் முன்னாலயே உக்காந்திருங்க. மறுபடி யாராச்சும் தட்டினா உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

"நீங்க எங்க போறீங்க?"

"டீ குடிக்க."

மயில்சாமி பூட்டை எடுத்துவிட்டு, திரையையே பார்த்தபடி உட்கார்ந்தார். டீ மணி அடித்தது. கீழே தையல் மெசின்களின் சத்தம் அடங்கியது. ஆட்கள் கேன்டீன் பக்கம் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. அவருக்கும் டீ வேண்டும் போல இருந்தது. எழுந்திருக்கவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது. சுந்தரவள்ளி. தப்பான பாஸ்வேர்டு. சேம்பிள் ரூம்.

இன்னொரு வரி. இன்னொன்று.

மயில்சாமி போனை எடுத்தார். "டீச்சர்! தட்டறா! இப்ப, இந்த நிமிசம் தட்டிட்டிருக்கா! ஓடிப்போய் கையப் புடிங்க!"

"யார் கையங்ண்ணா?"

"அற்புதத்துக் கைய!"

"அவங்க கையில டீ இருக்குதுங்ளே."

"என்னது?"

"என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. பன்னு வாங்கிக் குடுத்திருக்காங்க எனக்கு."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது. "யாரு, மயிலண்ணனா? அவருக்கும் ஒரு டீ சொல்லட்டுங்களா?"

மயில்சாமி போனை வைத்தார். திரையில் ஐந்தாவது வரி வந்தது. சுந்தரவள்ளி பூட்டிக்கொண்டார்.

முட்டி வலியோடு அவர் படியிறங்கி வந்தபோது சேம்பிள் ரூம் பூட்டியிருந்தது. நஸ்ரின் சாவியோடு வெளியே நின்றிருந்தார். பக்கத்தில் அற்புதம், கையில் ஒரு டீ டம்ளரோடு. அதை மயில்சாமியிடம் நீட்டினார். மயில்சாமி வாங்கிக்கொண்டார். அந்த முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கதவின் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. நாற்காலி காலி. கம்ப்யூட்டரில் மட்டும் வெளிச்சம்.

"டீக்குப் போகையில நான்தான் அத ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன்" என்றார் நஸ்ரின். "அப்பறம் ரூமப் பூட்டிட்டேன்."

"அப்ப உள்ள யாரு?"

"யாருமில்லீங்ண்ணா."

நஸ்ரின் கதவைத் திறந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். எங்கெங்கோ அழுத்தி ஒரு சின்னப் பக்கத்தைத் திறந்தார். அதில் ஒரே ஒரு பேர் இருந்தது. சுந்தரவள்ளி.

"இது எப்படி இதுக்குள்ள வந்துச்சுங்க்கா?" என்று அற்புதத்திடம் கேட்டார்.

"அவதானுங்க போட்டுக் குடுத்தா" என்றார் அற்புதம். "எனக்குன்னு பேரு கெடையாது. டிசைன் பாக்கோணும்னா ஒவ்வொரு தடவையும் மேல போன் போடுவேன். ஒருநாள் அவளே எறங்கி வந்தா. உன்ற தொல்ல தாங்க முடியலடின்னு சொல்லிட்டு, அவ பேரையே இதுல போட்டுட்டுப் போனா. அப்பறம் கேக்கறதே இல்லீங்க. தொட்டாத் தெறக்கும்."

"இப்ப?"

"தீபாவளிக்கு அப்பறம் தெறக்கறதில்ல."

"யாருகிட்டயும் சொல்லலியா?"

அற்புதம் கழுத்தில் கிடந்த அளவு டேப்பை விரலில் சுற்றிக்கொண்டார். "எதச் சொல்றதுங்க? சாத்திட்டா. அவ கதவு, அவ சாத்திட்டா. நான் போய் ஏன் சாத்தினீன்னு கேக்கறதா? மேல ஆர்டர் பாக்கற மெர்ச்சன்டைசர் புள்ளைககிட்ட பிரின்ட் வாங்கிட்டு வந்து தைக்கறேன்."

"காலைல வந்து தொட்டுப் பாப்பீங்களா?"

"ஒருக்கா பாப்பேன். தெறக்காதுன்னு தெரியும். இருந்தாலும் பாப்பேன்."

மயில்சாமிக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நம்ம போய் எல்லாரையும் பாஸ்வேர்டு மாத்தச் சொன்னமில்லீங்ண்ணா" என்றார் நஸ்ரின். "சுந்தரவள்ளியக்காவும் மாத்தினாங்க. அவங்க மெசின்ல புதுசு. இதுல பழசு. ஆன் பண்ணினா இது தன்னால சர்வருக்குப் போய் பழசச் சொல்லுது. சர்வர் தப்புங்குது. திருப்பித் திருப்பிச் சொல்லுது."

"ஆள் இல்லாமயேவா?"

"ஞாபகம் வெச்சுக்கன்னு டிக் போட்டுட்டுப் போயிருக்காங்க. வெச்சிட்டிருக்குது."

மயில்சாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மவுஸை நோக்கிக் கையை நீட்டினார். "ரெண்டு அமுக்குல அழிச்சுப்போடலாமே. தள்ளுங்."

நஸ்ரின் தள்ளவில்லை. "யாரு பேருங்ண்ணா அது?"

"சுந்தரவள்ளி."

"அப்ப அவங்க வந்து எடுக்கட்டும்."

"ரெண்டு அமுக்குங்க டீச்சர்! அதுக்கு நான் மறுக்கா மாடியேறணுமா?"

"மெதுவா ஏறுங்க."

மயில்சாமி ஏறினார். ஒவ்வொரு படியிலும் யாரையோ திட்டினார். யாரை என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

சுந்தரவள்ளி நாற்காலியை விட்டு எழவில்லை. "நான் எதுக்கு அங்க வரணும்? அவ மூஞ்சியில முழிக்கறதுக்கா? நீங்களே அழிச்சு விடுங்கண்ணா."

"டீச்சர் உங்களத்தான் வரச் சொல்றாங்க."

"முடியாதுன்னு சொல்லுங்க."

"சரி. வராதீங்க. மத்தியானம் அந்தம்மா பையத் தூக்கிட்டு கேட்டத் தாண்டிப் போறத இந்த ஜன்னல்லயே பாத்துக்குங்க."

"யாரு போறா?"

"அற்புதம். முதலாளி அனுப்பறாரு. உங்க பாஸ்வேர்டத் திருடப் பாத்தாங்கன்னு."

சுந்தரவள்ளி எழுந்துவிட்டார். "யாரு சொன்னா திருடினான்னு?"

மயில்சாமி கதவுப் பக்கம் பார்த்தார். "நான்தான்."

"ஏனுங்ண்ணா, பூட்டத் தெறக்கச் சொல்லித்தான உங்ககிட்ட வந்தேன்? ஆளத் தொரத்தச் சொன்னனா?"

பதிலுக்கு நிற்காமல் சுந்தரவள்ளி படியிறங்கிப் போனார். மயில்சாமியால் அந்த வேகத்துக்கு வர முடியவில்லை.

அவர் வந்து சேர்ந்தபோது சுந்தரவள்ளி சேம்பிள் ரூம் வாசலில் நின்றிருந்தார். உள்ளே போகவில்லை. அற்புதம் ஒரு குழந்தைச் சட்டையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"தெறக்கலைன்னா சொல்றதுக்கென்ன?" என்றார் சுந்தரவள்ளி.

"நீ சாத்திட்டீன்னு நெனச்சேன்."

"நான் எங்கடி சாத்தினேன்? மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன்."

"இங்க வந்து மாத்தலியே."

"வந்தா உன்னையப் பாக்கணுமே."

"பாத்தா என்ன? கண்ணு தெரியாதவதான நானு. நீ வந்தது எனக்கெங்க தெரியப்போகுது?"

சுந்தரவள்ளி தலையைக் குனிந்துகொண்டார். தையல் மெசின்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. அந்தச் சத்தத்தில் அவர் ஏதோ சொன்னார். மயில்சாமிக்குக் கேட்கவில்லை. அற்புதத்துக்குக் கேட்டது போலிருந்தது. சட்டையை மடித்து வைத்தார்.

"வா. வாசல்ல நின்னுட்டு. உள்ள வந்து உக்காரு."

சுந்தரவள்ளி வந்து உட்கார்ந்தார். நஸ்ரின் காட்டிய இடத்தில் தன் பேரைப் பார்த்தார்.

"இன்னும் இருக்கா இது" என்றார்.

அழித்தார். திரை காலியானது. உடனே அவர் விரல்கள் பழக்கத்தில் கீபோர்டுக்குப் போயின. புதுப் பாஸ்வேர்டின் முதல் எழுத்தை அடித்துவிட்டார்.

நஸ்ரின் அவர் கைமேல் கையை வைத்தார். "வேண்டாங்க்கா."

"ஏங்க? அவளுக்குத் தெறக்க வேண்டாமா?"

"தெறக்கணும்."

"அப்ப நான் போட்டுக் குடுத்தாத்தான தெறக்கும்? இவ்வளவு நாள் அப்படித்தான தெறந்துச்சு?"

நஸ்ரின் மயில்சாமியின் பக்கம் திரும்பினார். "அண்ணா, அற்புதமக்காவுக்கு ஒரு பேரு போடுங்க."

சுந்தரவள்ளி எழுந்த நாற்காலியில் மயில்சாமி உட்கார்ந்தார். சொல்லிக் கொடுத்தது எல்லாம் ஞாபகம் இருந்தது. அற்புதம் என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். டிசைன் ஃபோல்டரைப் பார்க்கலாம், எடுக்கலாம், அழிக்க முடியாது என்று வைத்தார். எழுந்து நாற்காலியை அற்புதத்துக்கு விட்டார்.

"நீங்களே ஒரு பாஸ்வேர்டு போடுங்க்கா" என்றார் நஸ்ரின். "யாருக்கும் தெரியாததா."

"நானாவா?"

"நீங்கதான்."

"என்ன போடறதுங்க?"

"அத என்கிட்டக் கேக்கக் கூடாது."

அற்புதம் கீபோர்டின் மேல் குனிந்தார். நிமிர்ந்தார். மூன்று பேரையும் பார்த்தார். மூன்று பேரும் திரும்பிக்கொண்டார்கள். மயில்சாமி சுவரில் தொங்கிய பேட்டர்ன் அட்டைகளைப் பார்த்தபடி நின்றார். பின்னால் ஒவ்வொரு எழுத்தாக விழுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது.

"மயிலண்ணா, பாக்கலியே?"

"செவுத்தத்தானுங்க பாக்கறேன்."

ஃபோல்டர் திறந்தது. குட்டி குட்டிச் சட்டைகளாகத் திரை முழுக்க நிறைந்தது. மேலே ஓரத்தில் அற்புதத்தின் பேர். அற்புதம் அதைத் திரையின் மேலேயே விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னடி போட்ட?" என்றார் சுந்தரவள்ளி.

"சொல்ல மாட்டேன்."

"என்கிட்டயுமா?"

"உன்கிட்டச் சொன்னாத்தான் ஊருக்கே தெரிஞ்சிருமே."

சுந்தரவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அற்புதத்தின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "சொட்டு மருந்து விடறியா ஒழுங்கா?"

"விடறேன், விடறேன். கைய எடு, ஆளுக பாக்கறாங்க."

மயில்சாமி அங்கே நிற்கவில்லை. மூன்றாவது தடவையாக மாடியேறினார். முதலாளி அறைக் கதவைத் தட்டினார்.

"அற்புதத்த அனுப்ப வேண்டாமுங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஏய்யா, காலைல வந்து திருடின்ன. இப்ப இல்லைங்கற. ரெண்டுல எது நெசம்?"

"இப்பச் சொல்றதுங்க."

"அப்பக் காலைல சொன்னது?"

"அது போய்ப் பாக்காமச் சொன்னதுங்க."

"உன்ற பேச்சக் கேட்டு ஒரு பொம்பளைய ரோட்டுல நிறுத்தப் பாத்தனே. உன்னைய அனுப்பினா என்ன?"

"அனுப்பறதுன்னா அனுப்புங்க. அந்தம்மா இருக்கட்டும்."

முதலாளி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். ஸ்டோரில் நின்ற காலத்தில் ஒரு நூல் கண்டுக்குக்கூட விட்டுக்கொடுக்காத ஆள். "போய் வேலையப் பாரு" என்றார்.

மயில்சாமி சேம்பிள் ரூமுக்கு இறங்கி வந்தார். அற்புதம் தனியாக இருந்தார். அவர் எதிரில் போய் நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று படியிறங்கும்போது யோசித்து வைத்திருந்தார். அது வரவில்லை.

"டம்ளர இங்கயே வெச்சுட்டுப் போயிட்டனுங்க" என்றார்.

"டீய இன்னும் குடிக்கலீங்களே நீங்க" என்றார் அற்புதம். "ஆறிப்போச்சு. வேற சொல்றேன், உக்காருங்க. அந்த முட்டிய வெச்சுட்டு எத்தன தடவ ஏறி எறங்குவீங்க?"

மயில்சாமி உட்கார்ந்தார். புது டீ வந்தது. அதைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

நஸ்ரின் கிளம்பும்போது மயில்சாமி ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே வந்தார். ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கை அதை விடவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்ண்ணா."

"சர்வர் எழுதி வெச்சத நானுந்தான் பாத்தேன். உங்களுக்கும் அதையேதான் காட்டினேன். எனக்குத் திருடி தெரிஞ்சா. அவங்க திருடி இல்லைன்னு உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?"

நஸ்ரின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஹெல்மெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"திருடனா இருந்தா நாலு பேரு கதவத் தட்டிப் பாத்திருப்பான். தெறக்காதுன்னு தெரிஞ்சும் ஒரே கதவுக்குத் தெனமும் யாருங்ண்ணா வருவாங்க?"